நான் எழுதிய நூற்றுப் பன்னிரண்டு

எனக்குப் பிறகு எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கும் செவிலியர் சரண்யா கெட்டிக்காரப் பெண். பழைய பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி மேலே இருந்து உத்தரவு வந்ததாம். சந்தேகம் கேட்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடிமனான நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போடியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். காபியைக் குடித்து முடித்த பிறகு ஒரு பக்கத்தை விரித்து வைத்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த நோட்டு முழுக்கப் பிள்ளை பெத்த ஒருத்திக்குக்கூடச் சர்க்கரை இல்லையே. எப்படிக்கா?"

பார்த்தேன். 'பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம், இரத்தச் சர்க்கரை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழே 98, 104, 96, 110, 112, 108 என்று இறங்கிக்கொண்டே போகிறது. எல்லாம் ஒரே நீலம், ஒரே சாய்வு, ஒரே உட்காரலில் எழுதியது. இப்படி ஓர் ஆரோக்கியமான ஊர் உலகத்திலேயே இருக்க முடியாது.

"எல்லாம் மலைக்காத்து" என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் போன பிறகு எனக்கும் சிரிப்பு வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பேர் பேச்சியம்மாள். முப்பது வருஷத்துக்கு மேல் கிராம சுகாதாரச் செவிலியர் வேலை. அதில் பெரும்பகுதி குரங்கணி மலைக்குக் கீழே ஒரு சின்ன ஊரில்தான் போனது. ஊர்ப் பேர் வேண்டாம், அங்கே இன்னும் என்னைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரில் பாதிப் பேருக்கு மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு. மீதிப் பாதிக்கு ஜீப்புதான் உண்டு. காலையில் ஏறினால் கேரள எல்லையைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டம், பொழுது சாயும்போது இறக்கி விடும். சீசனில் சிலர் மேலேயே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கிவிடுவார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒன்றரை வருஷம் வெள்ளைச் சேலை, சாம்பார் சாதம். சர்க்கரை நோய்க்குப் பாடத்தில் அரைப் பக்கம். "உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு வர்ற வியாதி" என்று டீச்சர் சொன்னார்கள். நாங்களும் எழுதிக்கொண்டோம். எங்கள் ஊர்ப் பெண்கள் உட்காருவதையே நான் பார்த்ததில்லை. ஆகவே இந்தப் பாடம் நமக்கு இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

அந்தப் பக்கம் பல வருஷம் கழித்து ஒரு சுற்றறிக்கையாகத் திரும்பி வந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்ய வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவளுக்குப் பிரசவமாகி ஆறு வாரம் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். பிள்ளை பிறந்ததும் பலருக்குச் சர்க்கரை இறங்கிவிடும், சிலருக்கு உள்ளேயே தங்கிவிடும். தங்கியது தெரியாமல் அடுத்த பிள்ளை உண்டானால் அந்தப் பிள்ளைக்கு ஆபத்து. இவ்வளவுதான் விஷயம், நல்ல விஷயம். இதை எழுதியவர் எங்கள் ஊர் ஜீப்பைப் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் குறை.

பரிசோதனை எப்படி என்று சொல்கிறேன். எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ் பொடியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்க வேண்டும். ஐந்து நிமிஷத்திலிருந்து பத்து நிமிஷத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கிறவள் முகத்தைப் பார்த்தால் நாம் ஏதோ பாவம் செய்த மாதிரி இருக்கும். நான் நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுப்பேன். அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். குடித்த நேரத்தை ஆள் பேரோடு சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவள் வேறு எதுவும் சாப்பிடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்குப் போகலாம், மேலே இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

கர்ப்பமாக இருக்கும்போது உட்கார்ந்துவிடுவார்கள். வயிற்றைப் பார்த்துப் புருஷனும் மாமியாரும் ஒதுங்கிக் கொடுப்பார்கள். பிள்ளை வெளியே வந்த நிமிஷத்தில் அந்த மரியாதை எல்லாம் பிள்ளைக்குப் போய்விடும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஊசி போட்டு, பிள்ளை அழுது முடித்ததும் செருப்பைத் தேடுவார்கள். "உனக்கு ஒரு டெஸ்ட் இருக்குத்தா" என்றால், "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பதில் வரும். இரண்டு மணி நேரம் என்று சொன்னால் கேட்கவே வேண்டாம். அந்த நேரத்தில் வாசலில் நிற்கும் ஜீப்பு மலை ஏறி முடித்திருக்கும். ஒரு நாள் வேலை போய்விடும்.

ஆகவே கட்டங்கள் காலியாகக் கிடந்தன.

காலிக் கட்டத்தைத் தாங்கிக்கொள்ள முடியாதவர் ஒருவர் எங்களுக்கு மேலே இருந்தார். திலகவதி மேடம். எங்கள் வட்டாரத்துச் செவிலியர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர். கத்த மாட்டார், திட்ட மாட்டார். எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பதிவேட்டை மடியில் வைத்து, விரலை நாக்கில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்புவார். காலிக் கட்டம் வந்தால் சிவப்புப் பேனாவின் மூடியால் அதன்மேல் இரண்டு தட்டு தட்டுவார்.

"இது ஏன் கண்ணு காலியா இருக்கு?"

"அந்தப் பொண்ணு உட்காரலை மேடம். ஜீப்புக்குப் போயிருச்சு."

"அச்சச்சோ. கட்டம் காலியா இருந்தா எனக்கு இந்தப் பக்கம் தலை வலிக்குது கண்ணு." நெற்றியின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார். பிறகு எழுந்திருப்பார். "நான் போய் ஒரு டீ குடிச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள ரொம்பிரும்ல?"

பொய் எழுது என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. டீ குடிக்கப் போவார், அவ்வளவுதான். திரும்பி வரும்போது கட்டம் நிரம்பியிருக்கும், தலைவலியும் போயிருக்கும். முதல் தடவை எழுதும்போது எனக்குக் கை கூசியது. நாலாவது தடவை எந்த நம்பர் போட்டால் பார்க்க இயல்பாக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அடுத்தடுத்து இரண்டு வரியில் ஒரே நம்பர் வரக் கூடாது, எல்லாம் இரட்டைப் படையாக இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள், இப்படியெல்லாம் தொழில் நுணுக்கம் கைக்கு வந்துவிட்டது. மாதக் கூட்டத்தில் எத்தனை பேருக்குப் பரிசோதனை முடிந்தது என்று திரையில் வரைபடம் போட்டுக் காட்டுவார்கள். எங்கள் நிலையத்தின் கோடு மட்டும் உச்சியைத் தொட்டு நிற்கும். ஒரு குடியரசு தின விழாவில் எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பதிவேடு மாதிரி ஆகிவிடும்.

இனி முருகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முருகேஸ்வரி காய் எடுக்கப் போகிறவள். ஏலச்செடியின் தூரில் குத்தவைத்து உட்கார்ந்து காயைக் கிள்ளி எடுக்கிற வேலை. வாய் அதிகம் பேசாது, கேள்வி மட்டும் கேட்கும். முதல் கர்ப்பத்தில் அவளுக்குச் சர்க்கரை கூடியிருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன். அந்த நம்பர் உண்மையான நம்பர். சாப்பாட்டைக் குறைத்து, மாத்திரை போட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனது. பையன் நாலு கிலோவுக்குப் பக்கம். "எங்க வம்சத்துல இப்பிடி ஒரு பிள்ளை பெறந்ததில்ல" என்று மாமியார் பாக்கியம் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள். சர்க்கரை கூடினால் பிள்ளை அப்படித்தான் ஊதிப் பிறக்கும் என்று நான் சொல்லப் போக, கண் வைக்கிறேன் என்று என்னை முறைத்தாள்.

ஆறு வாரம் கழித்துத் தடுப்பூசி நாளில் முருகேஸ்வரி பிள்ளையோடு வந்தாள். சொன்னதும் மறுக்காமல் குளுக்கோஸ் தண்ணீரை வாங்கி மடமடவென்று குடித்தாள். சுவரில் பேரையும் நேரத்தையும் எழுதினேன். அரை மணி கூட ஆகியிருக்காது, வாசலில் ஜீப்பு வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் சின்னச்சாமி தலையை வெளியே நீட்டினார்.

"ஏ முருகேஸ்வரி, லோடு ரொம்பிருச்சு. வர்றியா, விட்டுட்டுப் போகவா? இன்னைக்குப் போகலைன்னா லயத்துல ரூமு வேற ஆளுக்குப் போயிரும்னு சூப்பர்வைசர் சொல்லிவிட்டாரு!"

அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, இன்னும் எம்புட்டு நேரம்?"

"ஒன்றரை மணி நேரம் இருக்குத்தா."

"வெரசாப் பாக்க முடியாதாக்கா? இப்பவே குத்திப் பாருங்களேன்."

"இப்பக் குத்துனா அது கணக்கு இல்ல."

பாக்கியம் ஏற்கெனவே துணி மூட்டையோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தாள். பேரனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். முருகேஸ்வரி தாய் சேய் அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டு, "அடுத்த தடவை வர்றப்ப வாங்கிக்கிறேன்க்கா" என்று ஓடினாள். வயிற்றில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரோடு மலையேறிப் போனாள்.

அடுத்த வாரம் திலகவதி மேடம் வந்தார். பேனா மூடி இரண்டு தட்டு தட்டியது. டீ குடிக்கப் போனார். நான் 112 என்று எழுதினேன். பதிவேட்டோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. தாய் சேய் அட்டை பக்கத்திலேயே கிடந்ததா, இரண்டும் ஒத்துப்போக வேண்டுமே என்று அதிலும் 112, பக்கத்தில் 'நார்மல்' என்று எழுதி, சுத்தமாகக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாக்கியம் வந்தபோது அட்டையை அவளிடம் கொடுத்தனுப்பினேன்.

அதற்குப் பிறகு முருகேஸ்வரியை நான் பார்த்தது பையனுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி போடுகிறபோதுதான். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். யாரோ என்று நினைத்தேன். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டு இருந்தது. பையனைப் பார்த்துத்தான் தாயை அடையாளம் கண்டுபிடித்தேன்.

"என்னத்தா இப்பிடி இளைச்சுட்ட?"

பாக்கியம்தான் பதில் சொன்னாள். "பிள்ளை பால் குடிக்குதுல்ல நர்சம்மா, இளைக்கத்தானே செய்யும். இதுல மறுபடியும் ரெண்டு மாசம் வேற."

முருகேஸ்வரி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முழுசாகக் குடித்தாள். வெளியே குழாயில் நிரப்பி வந்து மறுபடியும் குடித்தாள். விரல்களைப் பார்த்தேன். செடி கிழித்த கீறல்கள் எல்லாம் ஆறாமல் வெள்ளையாகச் சீழ் கோத்திருந்தன. பிள்ளைக்கு ஊசி போடுவதை நிறுத்திவிட்டு, அவள் கையை இழுத்து விரலில் குத்தினேன்.

மெஷினில் நம்பர் வரவில்லை. இங்கிலீஷில் இரண்டு எழுத்து வந்தது. அளவுக்குமேல் போய்விட்டால் அந்த மெஷின் 'ஹை' என்று காட்டிவிட்டு நின்றுவிடும். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ நம்பர் எழுதியிருக்கிறேன். எழுதவே முடியாத நம்பரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். வழியிலேயே அவளுக்கு மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது, பேச்சு குழறியது. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது என்று சொல்லித் தீவிரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் கண் திறந்து பேசினாள். ஐந்தாம் நாள் வயிற்றில் இருந்தது போய்விட்டது.

அந்த ஐந்தாம் நாள் நான் பார்க்கப் போயிருந்தேன். வார்டுக்கு வெளியே பாக்கியம் பேரனை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"மேல இருக்கயிலேயே தாகம், கெறக்கம்லாம் இருந்திருக்குமே, யாருகிட்டயும் காட்டலையா?" என்று கேட்டேன்.

"காட்டாம என்ன? எஸ்டேட்டு கம்பவுண்டருகிட்ட மூணு தடவ கூட்டிட்டுப் போனேன். சர்க்கரை இருக்குமோன்னு அவருதான் மொதல்ல கேட்டாரு. நான் அட்டையக் குடுத்தேன். பாத்துட்டு, 'ஷுகர் நார்மலல்லே எழுதியிருக்கு, பின்னே எந்தா பேடி'ன்னு, நார்மல்தானே, என்ன பயம்னு அவரு பாஷையில சொல்லிட்டு சத்து மாத்திரை குடுத்து விட்டுட்டாரு."

அந்தக் கம்பவுண்டருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஆனால் அரசாங்க முத்திரையோடு ஒரு நர்சு எழுதியிருக்கிறாளே என்று நம்பிவிட்டார். நான் எழுதிய நம்பர்களை மேடம் நம்பியதில்லை, மாதக் கூட்டத்தில் கைதட்டியவர்கள் நம்பியதில்லை, நானும் நம்பியதில்லை. உலகத்தில் நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

பாக்கியம் மூக்கைச் சிந்தினாள். "எல்லாம் இவளால வந்த வினை. நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க, உக்காருன்னு. அன்னைக்கு ஜீப்புக்கு ஓடுனால்ல? அதுக்குத்தான் சாமி இப்பிடிக் காட்டிருச்சு."

ஜீப்பிலிருந்து கை நீட்டியவளே அவள்தான். அதை நான் சொல்லவில்லை. சொல்கிற யோக்கியதை எனக்கு ஏது?

மறுநாள் மேடத்தைப் பார்க்கப் போனேன்.

"மேடம், முருகேஸ்வரி அட்டையில இருக்கிற நூத்திப் பன்னெண்டு நானாப் போட்டது."

மேடம் மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். "எந்த நூத்திப் பன்னெண்டு கண்ணு?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப எழுதுனது."

"நான் எத்தனையோ டீ குடிக்கிறேன்." குரல் மாறவே இல்லை. "மனசைப் போட்டுக் குழப்பிக்காத. அந்தப் பக்கத்துல கை வச்சிராத, என்ன? அழிச்சாத்தான் தெரியும்."

விடாமல் நடந்ததை ஒரு தாளில் எழுதி மருத்துவ அலுவலரிடம் கொடுத்தேன். சின்ன வயசு டாக்டர், நல்ல மனுஷன்தான். இரண்டு தடவை படித்தார். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "சிஸ்டர், இதை நான் வாங்கினா விசாரணை வைக்கணும். விசாரணை வச்சா உங்க ஒரு நோட்டோட நிக்காது. எத்தனை நோட்டு இருக்குன்னு உங்களுக்கே தெரியும்." அந்தத் தாள் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. தப்பை ஒப்புக்கொண்டு எழுதிய ஒரே காரணத்தால் யாரும் வாங்காத ஒரே காகிதம் அது.

மூன்று வாரம் கழித்துச் சின்னச்சாமியின் ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டு தாண்டி, எஸ்டேட் பாதையில் இறங்கி, லயத்துக்கு நடந்து போனேன். முருகேஸ்வரி குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இன்சுலின் ஊசி தானே போடப் பழகியிருந்தாள். மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட பானைக்குள் வைத்திருப்பதாகச் சொன்னாள். நலம் விசாரிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் தள்ளிப்போட்டேன். பிறகு சொல்லிவிட்டேன்.

"முருகேஸ்வரி, உன் அட்டையில இருக்கிற நம்பரு டெஸ்ட் பண்ணி எழுதினது இல்ல. நீ ஜீப்புல ஏறிப் போயிட்டேல்ல. நானாப் போட்டேன்."

அவள் பிழிந்துகொண்டிருந்த துணியை விடவில்லை. "அப்ப அது யாரு நம்பருக்கா?"

"யாரு நம்பரும் இல்ல."

"யாருக்காச்சும் இருந்திருக்கும்ல? சும்மா எப்பிடி ஒரு நம்பரு வரும்?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. பழக்கம் அப்படி. "முந்தின வரியில நூத்திப்பத்துன்னு இருந்துச்சு. அதையே எழுதுனா நல்லா இருக்காதுன்னு ரெண்டு கூட்டிக்கிட்டேன்."

"ரெண்டு கூட்டுனீங்களாக்கும்" என்றாள். துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதையும் பிழிந்து போட்டாள். கடைசித் துணி முடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"இத எங்க அத்தைகிட்டச் சொல்லுங்க. நான் ஜீப்புக்கு ஓடுனதுனாலதான் பிள்ளை போச்சுன்னு லயம் பூராம் சொல்லிக்கிட்டுத் திரியுது. எங்க வீட்டுக்காரரும் அதயேதான் சொல்றாரு. சோறு போடுறப்பல்லாம் சொல்றாரு."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், வேலைக்குப் போனவர்கள் லயத்துக்குத் திரும்பியிருந்தார்கள். பாக்கியத்தைக் கூப்பிட்டு, அவள் மகனையும் வைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். பாக்கியத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அள்ளினாள் ஒரு பிடி மண்ணை.

"நீயெல்லாம் பொம்பளையாடி? வெள்ளச் சேலை கட்டிக்கிட்டு வந்து எம் பேரப்பிள்ளையக் கரைச்சுப்புட்டியே! உன் கையி வெளங்குமா? அந்த அட்டைய நான் சாமி படத்துக்குக் கீழல்ல வச்சிருந்தேன்!"

மண் என் முகத்தில் விழுந்தது. நான் துடைக்கவில்லை. அவள் மகன் மாணிக்கம் பொண்டாட்டியைப் பார்த்தான். முருகேஸ்வரி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொடியில் துணியைச் சரி செய்துகொண்டிருந்தாள். கீழே வருகிற ஜீப்பில் சின்னச்சாமி வழி நெடுக ஹாரனையே தொடவில்லை. அன்றைக்கு அடித்ததை அவரும் மறந்திருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு எழுதினால் பார்த்து எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். வைராக்கியம் சுலபம், வழிதான் கஷ்டம். முதலில் புத்திசாலித்தனமாக ஒன்று செய்தேன். ஜீப்பு மேலே போய்ச் சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிறதே, கீழே குடிக்க வைத்து, கூடவே ஏறிப்போய், மேலே இறங்கியதும் குத்திப் பார்த்தால் என்ன? நாலு தாய்மார்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்து ஜீப்பில் ஏற்றினேன். ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் முதல் ஆள் வாந்தி எடுத்தாள். அவளைப் பார்த்து இரண்டாவது ஆள், இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது. நாலாவது நான். சின்னச்சாமி ஜீப்பை ஓரம் கட்டிக் கழுவிக்கொண்டே, "நர்சம்மா, உங்க ஆராய்ச்சிக்கு என் வண்டிதானா கெடச்சது?" என்றார்.

பிறகு போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற குடோன்கள், எங்கள் பக்கம் கிட்டங்கி என்போம், ஞாபகத்துக்கு வந்தன. பிள்ளை பெற்றவர்கள் பலர் கொஞ்ச நாள் மலைக்குப் போகாமல் அங்கேதான் போவார்கள். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து காயைப் பச்சை, வெளிறல், வெடிப்பு என்று பொறுக்கிப் பிரிக்கிற வேலை. எந்தச் சுற்றறிக்கையும் உட்கார வைக்க முடியாத பெண்கள் அங்கே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முதலாளியிடம் போய்க் கெஞ்சினேன். "காய்ல தண்ணி சிந்தக் கூடாது" என்று மட்டும் சொல்லிச் சம்மதித்தார். வாசலில் வைத்துக் குடிக்கக் கொடுப்பேன். உள்ளே போய் வேலை பார்ப்பார்கள். இரண்டு மணி நேரம் கழித்து வரிசையில் குனிந்து நடந்து ஒவ்வொரு விரலாகக் குத்துவேன். ஏலக்காய் வாசனையில் எனக்குத் தலை கிறுகிறுக்கும். மேலே தங்கியிருப்பவர்களுக்காக மாதம் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு லயத்துக்கே போனேன். அவர்கள் வேலை முடிந்து வந்து இளைப்பாறிய பிறகுதான் குளுக்கோஸைக் கலக்குவேன்.

மேடத்துக்கு இது தெரிந்து என்னைக் கூப்பிட்டார். "அது கேரளா கண்ணு. அங்க இருக்கிற சர்க்கரை நம்ம சர்க்கரை இல்ல."

"பொண்ணுங்க நம்ம பொண்ணுங்க மேடம்."

"அங்க தங்கியிருக்கிற வரைக்கும் இல்ல."

அந்த வருஷம் எங்கள் நிலையத்தின் கோடு திரையில் தரையோடு படுத்துவிட்டது. முன்பு ஒருத்திக்கும் இல்லாத சர்க்கரை திடீரென்று இத்தனை பேருக்கு எப்படி வந்தது, சுகாதாரக் கல்வி கொடுப்பதில் சுணக்கமா என்று விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. பொய்க்குப் பட்டுச் சேலை கட்டிப் போய்ச் சான்றிதழ் வாங்கினேன், உண்மைக்கு நின்றுகொண்டே மெமோ வாங்கினேன். விளக்கத்தில், 'முன்பு பார்க்கவில்லை, இப்போது பார்க்கிறோம்' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பதில் வரவில்லை. திலகவதி மேடம் நல்லபடியாக ஓய்வு பெற்றார். வழியனுப்பு விழாவில் எல்லோரும் அழுதார்கள். நானும் போயிருந்தேன், டீ கொடுத்தார்கள்.

முருகேஸ்வரிக்குச் சர்க்கரை தங்கிவிட்டது. ஆயுசுக்கும் ஊசிதான். சர்க்கரையை அடக்கிக்கொண்டு அப்புறம் பிள்ளை பெறலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "ஒண்ணு போதும்" என்று ஆபரேஷன் செய்துகொண்டாள். மாணிக்கம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அந்தப் பேச்சை விட்டுவிட்டானாம். என்னைக் கண்டால் பேசுவாள், சிரிக்க மாட்டாள். நான் லயத்துக்குப் போகும் நாட்களில் பெண்களை வீடு வீடாகக் கூப்பிட்டுக் கொண்டுவந்து உட்கார வைத்தது அவள்தான். யாரும் அவளிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம் ஒரு காலையில் அவளே கீழே இறங்கி வந்தாள். கூட அவள் நாத்தனார் செல்வி, கையில் ஒன்றரை மாதப் பிள்ளை. கர்ப்பத்தில் செல்விக்கும் சர்க்கரை இருந்தது. பிள்ளைக்கு ஊசி போட்டேன், தாய்க்குக் குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்தேன். வழக்கம்போல ஜீப்பு வந்து ஹாரன் அடித்தது. இப்போது சின்னச்சாமி இல்லை, வேறு யாரோ. செல்வி எழுந்திருக்கப் பார்த்தாள். முருகேஸ்வரி அவள் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டு வாசலுக்குப் போனாள்.

"போறதுன்னாப் போங்கண்ணே. நாங்க பஸ்சுல வந்துக்கிறோம்."

"சூப்பர்வைசர் வைவாருத்தா!"

"வையட்டும். நான் கேட்டுக்கிறேன்."

ஜீப்பு போனது. இரண்டு மணி நேரமும் முருகேஸ்வரி செல்விக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நேரம் ஆனதும் மெஷினை எடுத்துக் குத்தினேன். எண்கள் ஓடின.

"இங்கிட்டுத் திருப்புங்கக்கா" என்றாள்.

திருப்பினேன். 168. டாக்டரிடம் போக வேண்டிய நம்பர். செல்விக்குக் கண் கலங்கியது. "மாத்திரையும் சாப்பாடும் பாத்துக்கிட்டா சரியாப் போகும், நான் இருக்கேன்ல" என்று முருகேஸ்வரி அவளிடம் சொன்னாள். பிறகு நான் எழுத எடுத்த பேனாவுக்குக் கையை நீட்டினாள். கொடுத்தேன். அட்டையைத் தன் பக்கம் இழுத்து வைத்து, மெஷினை ஒரு தடவை பார்ப்பதும் ஓர் இலக்கத்தை எழுதுவதுமாக மூன்று இலக்கங்களையும் மெதுவாக எழுதினாள். மறுபடியும் மெஷினோடு ஒத்துப் பார்த்தாள். அட்டையைச் செல்வி கையில் கொடுத்துவிட்டு, பேனாவை மட்டும் என்னிடம் திருப்பித் தந்தாள்.